பச்சைத் தோள்

ஜனவரி 6, சனி

சிறுவாணித் தண்ணீர் ஐந்து நாள் கழித்து இன்றுதான் குழாயில் வந்தது. கடைசிக் குடத்தை உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் தடியாக ஒரு புத்தகம்.

“ஓவியர் சென்னியப்பன் சார் வீடு இதுதானேம்மா?”

பெயர் நிலோஃபர். சென்னைக்காரி. ஓவியக் கண்காட்சிகளை அமைத்துக் கொடுப்பதுதான் தொழிலாம். அவிநாசி சாலையில் புதிதாக ஒரு கலைக்கூடம் கட்டியிருக்கிறார்கள். அதன் முதல் கண்காட்சியாக இவருடைய ஐம்பது வருட ஓவியங்களை வைக்க நினைக்கிறார்கள். பிப்ரவரி 24 திறப்பு. நடு மண்டபத்தில் ‘பச்சைத் தோள்’ மட்டும் தனியாக இருக்குமாம். மும்பையில் அதை வைத்திருப்பவர் இரவல் தரச் சம்மதித்துவிட்டார்.

அந்தப் படம் 82இல் இந்த வீட்டை விட்டுப் போனது. என் பழைய போர்வையில் சுற்றித்தான் அனுப்பினோம். அதற்குப் பிறகு புத்தகங்களில் பார்த்ததுதான்.

அவர் உள்ளறையிலிருந்து வந்தார். நான் எடுத்து வைத்திருந்த சட்டையை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தார். பச்சை லுங்கி, ஆரஞ்சுச் சட்டை. ஓவியர்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள்.

ஜனவரி 9, செவ்வாய்

நிலோஃபர் பத்து மணிக்கே வந்துவிட்டாள். பேச்சைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவியை மேசைமேல் வைத்தாள். அவள் கையிலிருந்த தடிப் புத்தகம், விமர்சகர் அருணகிரி இவருடைய ஓவியங்களைப் பற்றி எழுதியது.

“சார், தோள்ல பச்சை. தொடையோட நிழல்ல ஊதா. வயித்துல அப்படியே குங்குமச் சிவப்பு. எண்பத்தொண்ணுல, இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு, ஆடையில்லாத ஒரு பெண்ணுக்கு இப்படி நிறம் வைக்க எப்படி சார் தைரியம் வந்தது?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“அன்னைக்கு அப்படி அமைஞ்சுதுங்.”

அவள் புத்தகத்தைப் பிரித்துப் படித்தாள். ‘இது காட்டின் பச்சை. ஆதித்தாயின் பச்சை. பெண்ணுடலை அந்நியப் பார்வையிலிருந்து மீட்டெடுத்த பச்சை.’ அடுப்படியில் நான் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகிவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை, எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது.

மதியம் மாடி அறையில் இருக்கும் படங்களை வருட வாரியாக அடுக்கினாள். நான் தூசி தட்டிக் கொடுத்தேன். ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

“அம்மா, ரெண்டாயிரத்து ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எல்லாமே சேறு மாதிரி மங்கிக் கிடக்கே. அருணகிரி சார் இதைச் ‘சாம்பல் காலம்’னு எழுதியிருக்காரு. சாவைப் பத்தின யோசனைன்னு. அப்ப சாருக்கு ஏதாவது உடம்புக்கு முடியலையா?”

“அவுரு நல்லாத்தான் இருந்தாருங். நாந்தான் ஊர்ல இல்லை. மகளுக்குப் பிரசவம். ரெண்டு வருசம் அவ அப்ப இருந்த பெங்களூர்லயே இருந்துட்டேன்.”

அவள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

தக்காளி வாங்கிவர அவரை அனுப்பினேன். பையில் பாதிக்குமேல் பச்சைக் காய். தப்பு என்னுடையது.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

ஈரோட்டிலிருந்து மகள் சுபத்ரா மட்டும் வந்தாள். மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கேயே பொங்கல் வைக்கிறார்கள். அப்பாவிடம் “நல்லாருக்கீங்களா” என்றாள். அவர் “ம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பன்னிரண்டு வயதிலிருந்தே அவள் அப்படித்தான். அப்பாவோடு ஒட்டாத சுபாவம்.

சர்க்கரைப் பொங்கலை இறக்கிவைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, அந்தப் படத்தைத்தான் நடுவுல வைக்கறாங்களாமா? பேப்பர்ல போட்டிருக்குது. எங்க அத்தை வேற திறப்பு விழாவுக்கு வரோணும்ன்றாங்க. சம்பந்தி வீட்டுப் பெருமைன்னு ஊரெல்லாம் சொல்லீட்டு இருக்கறாங்க.”

“வரட்டும் சாமி. அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? உங்களுக்குக் கொஞ்சங்கூட வருத்தமே இல்லையாம்மா? யாரோ ஒருத்திய உக்கார வச்சுப் பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கிறாரு. அதுவும் உங்களைக் கட்டி அஞ்சு வருசத்துல. நீங்க அவளுக்கும் சேத்துக் காப்பி போட்டுக் குடுத்தீங்களாக்கும்?”

எனக்காகத்தான் இத்தனை கோபம்.

“அடி பிடிக்குது, நெய்யை எடு” என்றேன்.

அந்தப் படத்தில் முகம் சன்னல் பக்கம் திரும்பியிருக்கும். காதும் கழுத்தும்தான் தெரியும். யாரென்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி 18, வியாழன்

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. ஒன்றை எழுதி வைக்கிறேன்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் எனக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். “செவப்பு உனக்கு நல்லாருக்கும்” என்று பிரித்துக் காட்டினார். அது பாக்கு நிறம். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சேலையை மடித்து வைத்தார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பிறந்ததிலிருந்தே அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழுப்பும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலை. தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் ஒப்பணக்கார வீதியில் எங்கள் மாமாவின் கடையில் நின்றவள் நான். சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி கொடுக்கும் கடை. சேலையைக் கொண்டுவரவே வேண்டாம். “மயில் கழுத்து, ஆனா கொஞ்சம் சாயம் போனது” என்று வாயால் சொன்னாலே சரியான துண்டை எடுத்துப்போடுவேன். ஒருமுறை பார்த்த நிறம் எனக்கு மறக்காது. மற்றதெல்லாம் மறக்கும்.

அதனால் அன்றிலிருந்து பலகையில் வண்ணங்களைப் பிழிந்து வைப்பது என் வேலை ஆயிற்று. ஒரே வரிசை. முதலில் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், அப்புறம் பச்சை, நீலம், ஊதா, கடைசியில் பழுப்பு. அவர் இடத்தை வைத்து எடுத்துக்கொள்வார். கோடு அவருடையது. அந்தக் கோட்டை இந்த ஜில்லாவில் இன்னொருவர் போட முடியாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பால்காரர் மணி அடிக்கிறார்.

ஜனவரி 30, செவ்வாய்

படம் மும்பையிலிருந்து மரப்பெட்டியில் வந்துவிட்டது. நிலோஃபர் போன் செய்தாள். குரல் சரியில்லை.

ஈரம் பட்டிருக்கிறதாம். தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பெயர்ந்து உதிர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து பழுதுபார்ப்பவரை வரவழைத்திருக்கிறாள். ஆனாலும் ஓவியர் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருவர் கை படக்கூடாது, அவரே வந்து அந்த இடத்தைப் போட்டுக் கொடுத்தால் நல்லது, உரிமையாளரும் அதைத்தான் விரும்புகிறார் என்றாள். வியாழக்கிழமை வண்டி அனுப்புகிறாளாம்.

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். கை நடுக்கம் வந்து தூரிகையை விட்டு எட்டு வருடம் ஆகிறது.

“முடியாதுன்னு சொல்லீரட்டுமா?” என்று கேட்டேன்.

“நீயும் வா” என்றார்.

ஜனவரி 31, புதன்

அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கலைக்கூடத்தின் பின்னறை. நல்ல வெளிச்சம். படத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். இவ்வளவு பெரியது என்பதையே மறந்திருந்தேன். ஆள் உயரம்.

இருபத்தைந்து வயதில் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

ராம் நகரில் அப்போது எங்களுக்கு ஒற்றை அறை வீடு. சித்திரை மாதம். கதவைத் தாழ்போட்டுவிட்டு, கட்டிலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தேன். முதலில் கூச்சம். கால் மணி நேரத்தில் கூச்சம் போய் முதுகு வலி வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே வாழை மரம். வெயில் அந்த இலைக்குள் புகுந்து என் தோளில் விழுந்தது. எதிரே அலமாரிக் கண்ணாடி. பார்த்தேன். என் தோள் பச்சையாக இருந்தது. துணிக்கடையில் எத்தனையோ பச்சை பார்த்திருக்கிறேன்; அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. வயிற்றில் வெயில் நேராகப் பட்டுக் குங்குமமாகக் கொதித்தது. தொடைக்கடியில் ஊதா.

அவர் வரைந்துவைத்திருந்ததையும் பார்த்தேன். கோடு உயிரோடு இருந்தது. ஆனால் தோளுக்கு வழக்கம்போலச் சிவப்பும் பழுப்பும் பூசத் தயாராக நின்றார். காலண்டர்ப் பெண் மாதிரி ஆகிவிடுவேன் என்று தோன்றியது. பலகையை நீட்டினார். நான் வண்ணம் பிழிந்தேன்.

வரிசையை மாற்றிப் பிழிந்தேன்.

சிவப்பு இருக்கவேண்டிய முதல் இடத்தில் பச்சை. மஞ்சளின் இடத்தில் சிவப்பு. பழுப்பு வைக்கவே இல்லை. அந்த இடத்தில் ஊதா. அவர் வழக்கம்போல இடத்தை வைத்தே எடுத்துப் பூசினார்; எதுவும் தெரியவில்லை என்று நினைத்தேன். நான் உட்கார்ந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். தப்பு செய்கிறோம் என்ற பயம் இருந்தது. அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. அன்றைக்கு எப்படி இருந்தேனோ அப்படியே வந்துகொண்டிருந்தேன்.

மறுவாரம் அவருடைய நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “என்னப்பா, தோளைப் பச்சையா அடிச்சுப்புட்டே!” என்று கத்தினார். இவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நிறத்தின் பெயரைச் சொல்லி அவர் என்னிடம் கேட்டதே கிடையாது. என்ன நிறம், எந்த இடம், எல்லாம் நானே பக்கத்தில் உட்கார்ந்து கலந்து கொடுப்பேன். அவர் பூசுவார். முப்பத்துச் சொச்சம் வருடம்.

இன்று பழுதுபார்ப்பவர் பலகையில் ஏழு பச்சை கலந்து வைத்திருந்தார். கையில் வண்ண அட்டைகள். “எது சார் கிட்ட வருது?” என்று கேட்டார். இவர் ஏழையும் பார்த்தார். ஏழும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். நான் தொண்டையைச் செருமினேன். நாலாவதை லேசாகக் கண்ணால் காட்டலாம் என்று நினைத்தேன், அதுதான் கொஞ்சமாவது கிட்டத்தில் இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தூரிகையை எடுத்தார். திரும்பி அதை என் கையில் வைத்தார்.

“நீயே போட்டுரு, துளசிமணி.”

நிலோஃபர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “அம்மாவா?”

“அவதானுங் முதல்லயும் போட்டது.”

மறுத்துவிட்டு வெளியே போயிருக்கலாம். ஆனால் தோளில் வெள்ளையாக ஒரு ஓட்டை இருந்தது. என் தோளில். அதை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஏழு பச்சையையும் தள்ளி வைத்தேன். கரும்பச்சையில் மஞ்சள் சேர்த்தேன். போதவில்லை. ஊசிமுனை அளவு சிவப்பு தொட்டேன். பழுதுபார்ப்பவர் “அம்மா, சிவப்பு போட்டா செத்துரும்” என்றார். “சாவாதுங், உசுரு வரும்” என்றேன். வந்தது. வாழை இலைக்குள் நுழைந்த சித்திரை வெயில் வந்தது. படத்தைப் பார்க்காமல்தான் கலந்தேன். கொண்டுபோய் வைத்தேன். எது பழசு, எது புதுசு என்று பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார்.

நிலோஃபர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என் கழுத்தைப் பார்த்தாள். படத்தின் கழுத்தைப் பார்த்தாள். மறுபடி என்னை.

“அம்மா,” என்றாள் மெதுவாக, “நீங்க ரெண்டு வருஷம் பெங்களூர்ல இருந்தேன்னு சொன்னீங்களே...”

பிப்ரவரி 2, வெள்ளி

வீட்டில் பெரிய சண்டை. அவர் எல்லாவற்றையும் வெளியே சொல்லவேண்டும் என்கிறார். நான் கூடாது என்கிறேன்.

“அன்னைக்கே தெரியுமுங்களா உங்களுக்கு?”

“ரெண்டாவது தடவை தூரிகையை வச்சப்பவே தெரியும். எப்பவும் வர்ற மாதிரி இல்லை. நிமுந்து பாத்தேன். நீ சிரிச்சுட்டு உக்காந்திருந்தே. சரி, என்னமோ பண்றா, பண்ணட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்பறம் எதுக்கு இத்தனை வருசம் கம்முன்னு இருந்தீங்க?”

“மொதல்ல வேலைக்குப் பயம். அப்பறம் மாலை மரியாதைக்கு ஆசை. வேற என்ன? உன்ற நிறத்துக்கு என்ற கழுத்துல மாலை போட்டாங்க, நானும் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். எழுபத்துநாலு ஆச்சு. இனியும் குனிய முடியல புள்ள.”

“சனங்க உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

“என்னையும் பாப்பாங்க. அது நாந்தான்னு தெரிஞ்சு பாப்பாங்க.”

“அது உன்ற இஷ்டம்” என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

பிப்ரவரி 7, புதன்

நாலு நாளாக ஒன்றும் எழுதவில்லை. கொத்தமல்லி காயவைத்தேன், அரைத்துவந்தேன். பரண் சுத்தம் செய்தேன். மெத்தை உறைகள் எல்லாம் துவைத்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

சுபத்ராவைப் பற்றி நான் எழுதியது சரியில்லை. ஒட்டாத சுபாவம் என்று எழுதியிருக்கிறேன். அது சுபாவம் இல்லை.

பன்னிரண்டு வயதில் அவள் ஒரு வாரப்பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். “யாரும்மா இது?” என்று கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். “யாரோ ஒரு பொம்பளை. அப்பாவுக்கு வரையறதுக்கு வந்தவ” என்றேன். அன்று ராத்திரியே அவள் பாயை எடுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவர் வாங்கிவந்த மிட்டாயைத் தொடவில்லை. இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள, மகளிடம் அப்பனைக் குற்றவாளியாக நிற்க வைத்தேன். அவரும் எனக்காக நின்றார்.

மாலையை அவர் வாங்கிக்கொண்டார் என்றால், பழியையும் அவர்தான் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குச் சுபத்ராவுக்குப் போன் செய்தேன். கையில் காய்கறிக் கத்தியை வைத்துக்கொண்டே பேசினேன், தைரியத்துக்கு.

“சாமி, அந்தப் படத்துல இருக்கறது நாந்தான்.”

“எந்தப் படத்துல?”

“பச்சைத் தோள்ல.”

குக்கர் விசில் கேட்டது அந்தப் பக்கம். மூன்று விசில்.

“வேற யாரும் எப்பவும் வந்ததில்லை சாமி. உங்கப்பா வேற ஒருத்தரையும் அப்படிப் பாத்ததில்லை. நான் அன்னைக்கு உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 10, சனி

ஏழு மணிக்கு வந்துவிட்டாள். முதல் ரயிலைப் பிடித்திருக்கிறாள். என்னைத் தாண்டி நேராக உள்ளே போனாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதாள். நாற்பது வயதுப் பெண் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக அழுதாள். “ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லலை? ஏம்ப்பா?”

அவர் நடுங்கும் கையை அவள் தலையில் வைத்து, “டிபன் சாப்புட்டயா கண்ணு?” என்று கேட்டார். அவருக்கு அவ்வளவுதான் பேச வரும்.

பிறகு என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவும் செய்தாள், நியாயமான திட்டுதான். முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த நிறமெல்லாமும் நீங்கதான்னு அப்பா சொல்றாரு. நெசமாவா?”

“ஆமா.”

“அப்பறம் எதுக்கும்மா இன்னும் அடுப்படியிலயே நிக்கறீங்க?”

பத்தரைக்கு நிலோஃபருக்கு நானே போன் செய்தேன். சுவரில் என் பெயரும் வரட்டும் என்றேன். அந்தப் பெண் ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

பிப்ரவரி 17, சனி

திறப்பு விழாவுக்கான ரவிக்கை தைத்து வந்தது. கை கொஞ்சம் இறுக்கம். பிரித்துவிட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 24, சனி

இத்தனை கூட்டம் நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் நுழைந்ததும் சுவரில் பெரிய எழுத்தில்: ‘கோடு: சென்னியப்பன். நிறம்: துளசிமணி.’ இரண்டு தடவை படித்தேன். சுபத்ரா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பேத்தி அதைப் போட்டோ எடுத்தாள்.

முதலில் அவர் பேசினார். மேடையில் ஏறி, ஒலிபெருக்கியைப் பிடித்து, “எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாதுங்” என்றார். கூட்டம் சிரித்தது. தமாஷ் என்று நினைத்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. “பொறந்ததுல இருந்தே தெரியாதுங். நீங்க இவ்வளவு வருசம் என்னைப் பாராட்டுன நிறமெல்லாம் என்ற வீட்டுக்காரி வச்சது. அந்தப் படத்துல இருக்கறதும் அவதான். அவ சொல்லச் சொன்னா, அதனால சொல்றேன்.” அவ்வளவுதான். இறங்கிவிட்டார்.

எல்லாத் தலையும் திரும்பியது. குனிந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கழுத்து குனியவில்லை.

விமர்சகர் அருணகிரி முன்வரிசையில் இருந்தார். எழுந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் முகம் கறுத்துவிட்டது. “வயதான காலத்தில் மனைவிமேல் வரும் பாசம் போற்றத்தக்கது. ஆனால் பாசம் வேறு, கலை வரலாறு வேறு. ஒரு ஓவியரின் வண்ணத் தத்துவம் இன்னொருவர் கைமாற்றிக் கொடுப்பதல்ல. உதாரணமாக அவருடைய சாம்பல் காலம்...”

நிலோஃபர் ஒலிபெருக்கியை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன்.

“ஐயா, சாம்பல் காலம்னு நீங்க எழுதுனது தத்துவம் இல்லீங். அந்த ரெண்டு வருசம் நான் பெங்களூர்ல பேத்திக்குத் தண்ணி வாத்துட்டு இருந்தேனுங். அவரு தனியா இருந்தாரு. எது எங்கன்னு தெரியாம எல்லாத்தையும் கலக்கிப்புட்டாரு.”

பிறகு அந்த மண்டபம் சிரித்தது. இந்தத் தடவை எங்களோடு சேர்ந்து சிரித்தது. கைதட்டல் பின்வரிசையிலிருந்து ஆரம்பித்து முன்னால் வந்தது. பேத்தி, “அந்தத் தண்ணியில குளிச்சது நாந்தான்!” என்று கத்தினாள்.

நான் இன்னும் முடிக்கவில்லை. அருணகிரி ஐயா கழுத்தில் ஒரு பட்டுத்துண்டு போட்டிருந்தார். “உங்க துண்டு அரக்குன்னு நினைச்சு வாங்கியிருப்பீங்க. அதுல ரெண்டு இழை ஊதா ஓடுது. அதனாலதான் இந்த வெளிச்சத்துல மினுங்குது. என் தொடை நிழல்லயும் அதே ஊதாதான் வச்சிருக்கேன். வந்து பாருங்.” அவரைப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போனேன். தோளில் பச்சை எங்கிருந்து வந்தது, வயிற்றுக்கு ஏன் குங்குமம், மார்பின் ஓரத்தில் ஏன் ஒரு கோடு மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் உடம்பைக் காட்டி ஊரே கேட்கப் பேசினேன். வெட்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடவும் இல்லை. அவர் தன் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு, “இரண்டாம் பதிப்பு கொண்டுவரவேண்டியிருக்கும் அம்மா” என்றார்.

சம்பந்தியம்மாள் என்ன சொல்லப்போகிறார்களோ என்பதுதான் சுபத்ராவுக்குப் பயம். அவர்கள் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தார்கள். பிறகு என்னை அருகே கூப்பிட்டார்கள்.

“சம்பந்தி, இடுப்பு நல்லா இருந்திருக்குது உங்களுக்கு.”

“ஆமாங்.”

“எனக்கும் இருந்துச்சுங். வரையத்தான் ஆளில்லை.”

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையிலிருந்து போன். யாருக்கும் பதில் சொல்லாமல் பகல் முழுக்கத் தூங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லை. எழுந்தால் அவரும் சுபத்ராவும் சேர்ந்து உப்புமா கிண்டி வைத்திருந்தார்கள். கட்டி கட்டியாக இருந்தது. ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மாடி அறையில் வெள்ளைத் துணி இழுத்துக் கட்டிய சட்டம் ஒன்று மிச்சம் இருந்தது. தூசி தட்டி நிறுத்தினேன். பதினொரு மணி வெயில் நன்றாக விழுந்தது. அவரைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.

“என்னத்துக்கு?”

“சட்டையக் கழட்டுங்க.”

“ஏ புள்ள, வயசென்ன நமக்கு?”

“எனக்கு அறுபத்தெட்டு. உங்களுக்கு எழுபத்துநாலு. பனியனையும்.”

முனகிக்கொண்டே கழற்றினார். நெஞ்செலும்பு தெரிகிறது, தோல் தொங்குகிறது, அதன்மேல் வெயில் என்னென்னவோ செய்கிறது. இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஐம்பது வருடமாக என் எதிரே நடமாடியிருக்கிறார். கரித்துண்டை எடுத்துக் கோடு போட்டேன். கோணலாக வந்தது. எட்டிப் பார்த்து, “தோளு அவ்வளவு அகலம் இல்லை” என்றார்.

“பேசாம உக்காருங்க. இப்ப வரையறது நான்.”

உட்கார்ந்தார்.

குங்குமச் சிவப்பைத் தொட்டு, வலது மூலையில் முதலில் என் பெயரை முழுதாக எழுதினேன். அதற்குப் பிறகுதான் மற்றதை ஆரம்பித்தேன்.